கவர்ச்சியும் இலக்கணமும்



அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டு சொல்லும், செப்பேடு சொல்லும். சொல்லின் வரலாற்றையோ அந்தச் சொல்லே தன்னுள் பொதிந்து வைத்திருக்கும். ‘கிளாமர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், அதற்கு ஈடாக நாம் வழங்கும் ‘கவர்ச்சி’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொதிந்து வைத்திருக்கும் வரலாற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். இந்த ஆராய்ச்சியில் என்னை இறக்கியவர் இரும்பு உருக்காலையில் வேலை செய்யும் ஓர் இளைஞர். ஆகவே அவருடைய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருப்பது கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து வடக்கே செல்லும் மின்சார ரயிலில் பொன்னேரியைக் கடந்து சென்றால், வயல்களுக்கு அப்பால் புகைபோக்கிகள் எழுந்து நிற்பதைக் காணலாம். சிப்காட் தொழில் வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலைகள் பல உள்ளன. அந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான் நெடுங்காலம் தமிழாசிரியனாகப் பணி செய்தவன். என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று அந்த ஆலைகளில் உழைத்துக் குடும்பம் காக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுள் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் பளபளப்பான ஒரு தாள்.

“ஐயா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பொன்னிறக் கரை, மாடி வீட்டின் படம், அதன் முன்னே ஒரு கார். நடுவில் பெரிய எழுத்தில் ‘கவர்ச்சிகரமான வட்டி’ என்று அச்சிட்டிருந்தது. 1,00,000 ரூபாய் செலுத்தினால் மாதந்தோறும் 10,000 ரூபாய் கிடைக்குமாம். தாயின் சங்கிலியை அடகு வைத்து 40,000 ரூபாயை அவர் முன்பே கட்டியிருந்தார். இரண்டு மாதம் வட்டியும் வந்துவிட்டது. இப்போது தங்கையின் திருமணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த 2,00,000 ரூபாயையும் கட்டிவிடலாமா என்று கேட்கவே வந்திருந்தார்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுவதும் எறும்பு ஊர்ந்தாற்போல் சிறு சிறு ஆங்கில எழுத்துகள்.

“இதைப் படித்துப் பார்த்தாயா, தம்பி?” என்று கேட்டேன்.

“முன்பக்கம் படித்தேன், ஐயா. பின்பக்கம் எல்லாம் இங்கிலீஷ். அவ்வளவு இங்கிலீஷ் போட்டிருக்கிறார்கள் என்றால் பெரிய கம்பெனியாகத்தான் இருக்கும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைத் திடுக்கிடச் செய்தது. கிளாமர் என்னும் சொல்லின் பிறப்புக் கதை முழுவதும் அதற்குள் அடங்கியிருந்தது.

அந்தக் கதை யாது? கிரேக்க மொழியில் ‘கிராம்மா’ என்றால் எழுத்து என்று பொருள். எழுத்தைப் பற்றிய கலைக்கு அச்சொல்லின் வழியே ஒரு பெயர் உண்டாயிற்று. அப்பெயர் இலத்தீன் மொழிக்கும், அங்கிருந்து பிரெஞ்சுக்கும், பிறகு ஆங்கிலத்துக்கும் சென்று ‘கிராமர்’ ஆயிற்று. இன்று நாம் இலக்கணம் என்று மொழிபெயர்க்கும் அதே சொல்தான். ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் அதற்குப் பொருள் விரிந்திருந்தது. நூற்கல்வி முழுவதையும், சிறப்பாக இலத்தீன் கல்வியை, அச்சொல் குறித்தது. அக்கல்வியோ பாதிரிமார்க்கும் வேறு சிலருக்குமே கிட்டியது. ஏர் உழுபவனுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் புத்தகம் என்பது திறவாத கதவு.

இரவில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, தனக்குப் புரியாத மொழியில் ஒருவன் முணுமுணுப்பதைச் சன்னல் வழியே கண்ட குடியானவன் என்ன நினைத்திருப்பான்? ‘இவன் ஏதோ மந்திரம் ஓதுகிறான்’ என்றே நினைத்தான். இவ்வாறு எழுத்தறிவு மாயவித்தையாகத் தோன்றியது. பிரெஞ்சு மொழியில் கிராமர் என்பதன் உடன்பிறப்பாகக் ‘கிரிமுவார்’ என்று ஒரு சொல் உண்டு. மந்திர நூல் என்பது அதன் பொருள். ஸ்காட்லாந்து மக்களின் நாவில் கிராமரின் முதல் ரகரம் லகரமாகத் திரிந்து ‘கிளாமர்’ பிறந்தது. அதற்கு அங்கே என்ன பொருள்? நம் ஊர்த் திருவிழாவில் ‘கண்கட்டு வித்தை’ என்கிறோமே, அதுதான் பொருள். உள்ளதை மறைத்து, இல்லாததை இருப்பதுபோல் காட்டும் மாயம் அது. சூனியக்காரி ஒருவர் கண்மேல் கிளாமரை வீசுவாள் என்பது அவர்கள் வழக்கு.

ஆலன் ராம்சே என்னும் ஸ்காட்லாந்துக் கவிஞர் 1720ஆம் ஆண்டளவில் இச்சொல்லை எழுத்தில் வழங்கினார். ராபர்ட் பர்ன்ஸ் 1789ஆம் ஆண்டில் இயற்றிய பாட்டு ஒன்றில் கிளாமரையும் கிராமரையும் இயைபுத் தொடையாக அடுத்தடுத்து அமைத்தார். தாயும் மகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் காணலாம். சர் வால்டர் ஸ்காட் 1805ஆம் ஆண்டில் வெளியிட்ட நெடும்பாட்டால் இச்சொல் இங்கிலாந்தெங்கும் பரவியது. காலம் செல்லச் செல்ல மந்திரம் தேய்ந்தது. மயக்கம் மட்டும் எஞ்சியது. 1930களில் ஹாலிவுட் படக் கூடங்கள், விளக்கொளியாலும் நிழலாலும் ஒப்பனையாலும் நடிகையரின் முகங்களை மெருகேற்றிப் படமெடுத்து உலகெங்கும் அனுப்பின. அன்று முதல் கிளாமர் என்றால் திரைப்படத்தின் பளபளப்பு என்று பொருளாயிற்று. எழுத்துக்கும் அதற்கும் இருந்த உறவை உலகம் மறந்தே போனது.

இந்த அச்சம் அயலாருடையது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். செப்புத் தகட்டில் கட்டமிட்டு எழுத்துகளைப் பொறித்து, அதைச் சுருட்டித் தாயத்தில் அடைத்து அரையில் கட்டும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அந்த எழுத்தை அணிந்தவர் படிப்பதில்லை. படிக்க முடியாமையே அதன் ஆற்றல் என்று நம்புகிறார். கும்மிடிப்பூண்டி இளைஞர் கையில் இருந்த தாளின் பின்பக்கமும் ஒரு தகடுதான். முன்பக்கத்து மாடி வீடு அவர் கண்ணைப் பறித்தது. பின்பக்கத்து எழுத்தோ அவர் அறிவையே கட்டிப்போட்டது.

இனி நம் மொழிக்கு வருவோம். கவர்ச்சி என்பது ‘கவர்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கவர்தல் என்றால் பற்றுதல், பறித்தல், கொள்ளையிடுதல். பகைவர் நாட்டு ஆநிரையை மறவர் கவர்ந்தனர் என்கிறோம். பழம் இருக்கையில் காயை எடுப்பதைப் போன்றது இனிய சொல்லை விட்டுக் கடுஞ்சொல் கூறுதல் என்ற திருவள்ளுவர், அங்கே எடுத்தலைக் குறிக்க இவ்வினையையே ஆண்டார். திருஞானசம்பந்தர் சீகாழியில் பாடிய முதற் பதிகத்தில் இறைவனையே தம் உள்ளத்தைக் கவர்ந்த கள்வன் என்றார். ஆகவே, கவர்ச்சி என்று நாம் சொல்லும்போதெல்லாம், நம்மிடமிருந்து ஏதோ ஒன்று பறிபோகிறது என்பதையும் நம்மை அறியாமலே சொல்லிவிடுகிறோம். அடியாரிடம் பறிபோனது உள்ளம். அவர் அதை மகிழ்ந்து கொடுத்தார். ‘கவர்ச்சிகரமான வட்டி’ பறிப்பது எது என்பதை அத்தாளை அச்சிட்டவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் தமிழ் அதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டது.

கிளாமருக்கு இன்னும் நெருங்கிய சொல் ஒன்று சங்க காலத்திலேயே தமிழில் இருந்தது. அதுவே ‘அணங்கு’. அணங்கு என்றால் வருத்தும் தெய்வம். அழகிய பெண் என்றும் பொருள். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், விலங்கு, கள்வர், இறை என்பவற்றுக்கு முன்னே அணங்கை வைத்தார். திருக்குறளின் காமத்துப்பாலில் முதல் அதிகாரத்தின் பெயரே தகையணங்குறுத்தல். அழகு அணங்காக நின்று வருத்துதல் என்பது அதன் கருத்து. அங்கே தலைவன், தன் எதிரே நிற்பவள் அணங்கோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று மயங்குகிறான். நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். மயக்கம் யாருடையது? பார்க்கின்றவனுடையது. அதை அவனே ஒப்புக்கொள்கிறான். அவளோ தன் வழியே நிற்கின்ற ஒரு பெண்தான்.

இந்த நேர்மை பிற்காலத்தில் குறைந்துவிட்டது. முன்னாளில் அறிவியல் நூல்கள் காந்தம் இரும்பை இழுப்பதையும் கவர்ச்சி என்றே எழுதின. இன்று ஈர்ப்பு என்னும் சொல் அவ்விடத்துக்கு வந்துவிட்டது. திரைப்பட இதழ்களோ கவர்ச்சி என்னும் சொல்லை நடிகையரின் உடைக்கும் உடலுக்கும் உரியதாகச் சுருக்கிவிட்டன. ‘கவர்ச்சி நடிகை’ என்று எழுதுகிறார்கள். கவர்கின்றவர் அந்த நடிகை என்பதுபோல் அத்தொடர் ஒலிக்கிறது. விளக்கை எங்கே வைப்பது, எந்தப் படத்தைச் சுவரொட்டியில் இடுவது என்று முடிவு செய்தவர் பெயர் அதில் இல்லை. சீட்டு வாங்கியவரின் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் அதில் இல்லை. ஒரு சொல் சுருங்கும்போது உண்மையும் அதனோடு சேர்ந்து சுருங்குகிறது.

ஆயின், அழகைக் குறிக்கத் தமிழில் மாயம் கலவாத சொல்லே இல்லையா? உண்டு. ‘இலட்சணம்’ என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதுதான். “பெண் மூக்கும் விழியுமாக இலட்சணமாக இருக்கிறாள்” என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இச்சொல் வடமொழியில் அடையாளத்தைக் குறிக்கும் ‘லக்ஷணம்’ என்பதிலிருந்து வந்தது. அதே சொல் பிராகிருதத்தின் வழியே வந்து ‘இலக்கணம்’ ஆயிற்று என்பது மொழிநூலார் பலரின் கருத்து. ‘இலக்கு’ என்னும் தமிழ்ச் சொல்லோடு இணைத்துக் காட்டும் அறிஞரும் உண்டு. எவ்வாறாயினும், நம் வழக்கில் இலக்கணமும் இலட்சணமும் அருகருகே நிற்கின்றன. ஆங்கிலத்தில் கிராமரும் கிளாமரும் உறவு. தமிழில் இலக்கணமும் இலட்சணமும் உறவு. மொழி வேறு, வழி வேறு. எனினும் இரண்டிடத்தும் இலக்கணத்தின் பக்கத்தில் அழகு நிற்கிறது!

ஒற்றுமையைப் போலவே வேற்றுமையும் வியப்பானது. கிளாமர், எழுத்தை அறியாதவனின் இருட்டில் பிறந்தது. இலட்சணமோ அடையாளங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பவனின் வெளிச்சத்தில் பிறந்தது. முன்னது கண்ணைக் கட்டுகிறது. பின்னது கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்கிறது.

இதற்குச் சான்று காண, இதே மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதையில், திருவள்ளூருக்கு அப்பால் இருக்கிறது திருவாலங்காடு. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை அங்கே உள்ளது. அவ்வூரில் கிடைத்த சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோதென் அதன் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1917ஆம் ஆண்டில் மறைந்தார். கட்டுரை 1921ஆம் ஆண்டில் அச்சேறியது. தமிழ்நாட்டைக் காணாத ஒருவரை அத்திருமேனி எவ்வாறு ஆட்கொண்டது? கண்கட்டு வித்தையாலா? அதை வார்த்த சிற்பி சிற்ப நூலின் இலக்கணத்தை அறிந்தவர். முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று கொண்டு, தாலத்தைப் 12 அங்குலமாகப் பகுத்து, உறுப்புகளுக்கெல்லாம் அளவு வகுத்து, மெழுகில் உருவம் செய்து, களிமண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பது அவர்கள் முறை. அந்தக் கணக்கை அறிந்துகொண்டு மறுபடி பார்த்தாலும் திருமேனியின் அழகு குறைவதில்லை, கூடுகிறது. இலக்கணத்தில் பிறந்த அழகுக்கு இதுவே உரைகல். அறிய அறிய மயக்கம் தேயும். அறிய அறிய அழகு வளரும்.

திருவாலங்காட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. காரைக்காலில் புனிதவதி என்னும் பெயரோடு வாழ்ந்த வணிகர் குலப் பெண், கணவன் தன்னைவிட்டு நீங்கிய பின், அவனுக்காகச் சுமந்திருந்த அழகு இனி வேண்டாம் என்று இறைவனை வேண்டிப் பேயுருக் கொண்டார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். அவரே காரைக்கால் அம்மையார். தலையாலே கயிலை சென்ற அவரை இறைவன் ‘அம்மை’ என்று அழைத்தான் என்றும், அவர் திருவாலங்காட்டில் இருந்து பதிகம் பாடினார் என்றும் பெரிய புராணம் கூறும். கையில் தாளமேந்தி, விலா எலும்பு தெரிய அமர்ந்து பாடும் அம்மையாரின் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் சில அமெரிக்க அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. அவற்றைப் பாருங்கள். கவர்ச்சி என்று உலகம் சொல்வதில் ஓர் அணுவும் அங்கே இல்லை. ஆயினும் கண்ணை எடுக்க முடிவதில்லை. கவர்ச்சி வேறு, அழகு வேறு என்பதை அம்மையார் தம் உடம்பையே எழுத்தாக்கி எழுதிக் காட்டினார்.

இப்போது என் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் இளைஞரிடம் திரும்பி வருவோம். இந்தச் சொல்லாராய்ச்சி எதையும் அன்று நான் அவரிடம் பேசவில்லை. அவருடைய தொழிலைப் பற்றியே கேட்டேன்.

“ஆலையில் பழைய இரும்பை எப்படித் தூக்குகிறீர்கள், தம்பி?”

அவர் முகம் மலர்ந்தது. “கிரேனில் பெரிய காந்தம் தொங்கும், ஐயா. உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறது. மின்சாரம் ஓடினால்தான் அது காந்தம். இரும்பை அப்படியே அள்ளிக்கொண்டு போகும். உலைக்கு மேலே போனதும் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அவ்வளவும் உள்ளே விழுந்துவிடும்.”

“அது தூக்கிச் செல்லும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்?”

“கீழே யாரும் நிற்கமாட்டோம், ஐயா. மின்சாரம் எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?”

சொல்லி முடித்ததும் அவர் தம் கையில் இருந்த தாளைப் பார்த்தார். நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். மாதம் 100க்கு 10 என்றால் ஆண்டுக்கு 100க்கு 120. அவ்வளவு வட்டி கொடுக்க வேண்டுமானால், வாங்கிய பணத்தை ஓராண்டுக்குள் இருமடங்குக்கு மேலாகப் பெருக்கும் தொழில் ஒன்று வேண்டும். அப்படி ஒரு தொழில் இருந்தால், ஊர் ஊராகத் தாள் கொடுத்துப் பணம் கேட்பானேன்? பிறகு பின்பக்கத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொன்னேன். வட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அசலைத் திருப்பித் தருவதற்கு ஈடு ஏதும் இல்லை. இவை முன்பக்கத்தில் இல்லாத செய்திகள். கேட்கக் கேட்க அந்த எழுத்துகளின் மந்திரம் கலைந்தது. அவை வெறும் எழுத்துகள் ஆயின.

தங்கையின் பணம் தப்பியது. முன்பு கட்டிய 40,000 ரூபாயில் வட்டியாக வந்ததைத் தவிர மீதி வரவில்லை. சில மாதங்களில் அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. வைப்பீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அவர் முறையிட்டிருக்கிறார். ஆனால் அடகுக் கடைக்குப் போன தாயின் சங்கிலி இன்னும் மீளவில்லை.

நண்பர்களே, அந்தச் சங்கிலியை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. அவர் என் வகுப்பில் இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர். புணர்ச்சி விதிகளைப் பிழையின்றிச் சொன்னவர். நான் கற்பித்த இலக்கணம் தேர்வுத் தாளோடு நின்றுவிட்டது; வாழ்க்கையில் அவர் கைக்கு வந்த தாளை அது எட்டவில்லை. குறை மாணவருடையதன்று, ஆசிரியனுடையது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இலக்கணத்தைத் தேர்வுக்குரிய விதிகளின் தொகுப்பு என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. வட்டிக்குக் கணக்கே இலக்கணம். திரைப்படத்துக்கு ஒளியும் நிழலும் இலக்கணம். காந்தத்துக்குக் கம்பிச் சுருளும் மின்னோட்டமும் இலக்கணம். ஒரு பொருள் உங்கள் உள்ளத்தைக் கவரும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டுவதில்லை. அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படியுங்கள். படித்த பின்னும் அது அழகாக இருக்குமானால், திருவாலங்காட்டுத் திருமேனியைப் போல அதை மனமாரப் போற்றுங்கள். படித்ததும் கலைந்துபோனால், அதன் கீழே நிற்காமல் விலகிவிடுங்கள்.